மைப்பேனாவுக்கு எந்தத் தாள்? 100 ஜிஎஸ்எம் நோட்டிலும் மை ஊறுவது ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைப்பேனாவுக்கு மாறி நான்கு மாதம் ஆகிறது, மீடியம் நிப். 70 ஜிஎஸ்எம் நோட்டில் மை மறுபக்கம் இறங்குகிறது என்று 100 ஜிஎஸ்எம் நோட்டு ஐந்து வாங்கினீர்கள். அதில் மறுபக்கம் இறங்குவது கொஞ்சம் குறைந்தது, ஆனால் எழுத்தின் ஓரமெல்லாம் வேர்விட்ட மாதிரி படர்கிறது. அடுத்து 120 வாங்குவதா, இன்னும் மேலே போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்றும் சொல்கிறீர்கள். நீங்கள் கேட்பது ஓர் எண். உங்களுக்குத் தேவைப்படுவது வேறு என்று நினைக்கிறேன்: ஒரு தாளைக் கையில் எடுத்தால் அது உங்கள் பேனாவின் மையைத் தாங்குமா என்று எதை வைத்து முடிவு செய்வது? அதற்குத்தான் இந்தப் பதில்.

ஒரு காகித ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். தினமும் எழுதுவதும் மைப்பேனாவில்தான். காகிதத்தைப் பற்றி இங்கே எழுதுவது படித்தும் கையால் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டது. மையின் வேதியியல் என் துறை இல்லை. மையைப் பற்றிச் சொல்லும் இடங்களில் பல வருடம் எழுதிப் பார்த்த ஒருவனின் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம் இருக்கும், 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ இருக்கும். இது வெறும் எடைக் கணக்கு, தடிமன்கூட இதில் வராது. கூழை எவ்வளவு அரைத்தார்கள், தாளை உருளைகளுக்கு நடுவே விட்டு எவ்வளவு அழுத்தினார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே 80 ஜிஎஸ்எம்மில் ஒரு தாள் மெலிதாக, விரைப்பாக இருக்கும். இன்னொன்று பஞ்சு மாதிரி பருத்திருக்கும். பருத்த தாளைத் தொட்டுப் பார்த்தால் 'நல்ல கனமான பேப்பர்' என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தப் பருமனுக்குக் காரணம் இழைகளுக்கு நடுவே நிறைய காற்று இருப்பது. காற்று இருக்கும் இடமெல்லாம் மை போகிற வழி. உங்கள் 100 ஜிஎஸ்எம் நோட்டு அந்த ரகமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். தாளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மை ஊறுகிறது என்று எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று குறைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் காரணம் வேறு. ஒன்று, எழுத்தின் ஓரத்தில் மை மெல்லிய கிளைகளாகப் படர்வது. இது தாளின் மேற்பரப்பில் நடக்கிறது, இழைகளின் ஓரமாகவே மை ஓடுகிறது. இரண்டாவது, மை தாளைத் துளைத்து மறுபக்கம் புள்ளி புள்ளியாக வருவது. மூன்றாவது, மை மறுபக்கம் வரவே இல்லை, ஆனால் முன்பக்கம் எழுதியதன் நிழல் பின்னால் தெரிகிறது. இந்த மூன்றாவதில் ஊறுதலே இல்லை. தாள் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்ற விஷயம் மட்டும்தான். ஜிஎஸ்எம் கூடினால் நிச்சயமாகக் குறைவது இந்த மூன்றாவது குறை. இரண்டாவது ஓரளவு குறையும். முதல் குறைக்கும் ஜிஎஸ்எம்முக்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் 70-இலிருந்து 100-க்குப் போனபோது மறுபக்கம் இறங்குவது குறைந்ததும், ஓரம் படர்வது கூடியதும் ஏன் என்பது இதிலேயே தெரிந்துவிடும்: எடை கூடியது, மையைத் தடுக்கும் சக்தி கூடவில்லை. அநேகமாக அது குறைந்திருக்கிறது.

அந்தத் தடுக்கும் சக்திக்கு ஆலையில் சைஸிங் என்று பெயர். அளவு என்ற பொருளில் இல்லை, பசையேற்றுவது என்ற பொருளில். காகிதம் என்பது தாவர நாரைத் தண்ணீரில் கரைத்து, வலையில் வடித்து, அழுத்திக் காயவைத்த படலம். நாரில் இருக்கும் செல்லுலோஸ் தண்ணீரை விரும்பி இழுக்கும். எதுவும் சேர்க்காமல் தாள் செய்தால் வடிதாளோ மை ஒற்றும் தாளோதான் கிடைக்கும். எழுதும் தாளாக வேண்டுமென்றால் இழைகள் தண்ணீரை உடனே இழுக்காதபடி எதையாவது சேர்க்க வேண்டும். இன்று பெரும்பாலும் இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். கூழிலேயே ஏகேடி அல்லது ஏஎஸ்ஏ என்ற பொருளைக் கலப்பது முதல் கட்டம். ஒரு டன் கூழுக்கு ஒன்றிரண்டு கிலோ என்ற அளவில் சேர்த்தாலே தாளின் குணம் மாறிவிடும். தாள் பாதி தயாரான பின் இரண்டு பக்கமும் ஸ்டார்ச் கரைசலைப் பூசி, மேற்பரப்பில் உள்ள நுண்துளைகளை அடைப்பது இரண்டாம் கட்டம். முதல் கட்டம் மை உள்ளே இறங்குவதைத் தடுக்கிறது. இரண்டாம் கட்டம் மேலே படர்வதைத் தடுக்கிறது. இதில் எந்தக் கட்டத்தில் சிக்கனம் பிடித்தாலும் மைப்பேனாக்காரர்தான் முதலில் கண்டுபிடிப்பார். பென்சிலிலோ பால்பாயிண்ட் பேனாவிலோ எழுதுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

தடிமன் ஏன் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. தாளின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் மாதிரியான நுண்குழாய்களில் திரவம் ஏறுவதைப் பற்றி லூக்காஸ் 1918-இலும் வாஷ்பர்ன் 1921-இலும் தனித்தனியாக எழுதிய சமன்பாடு ஒன்று உண்டு. காகிதத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் படிப்பது அது. திரவம் போகும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும் என்கிறது. அதாவது தாளின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் மை மறுபக்கம் போக நான்கு மடங்கு நேரம் ஆகும். 70-இலிருந்து 100-க்குப் போனால், தாளின் அமைப்பு ஒன்றாகவே இருந்தாலும், ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம்தான் கிடைக்கும். அரை நொடி ஒரு நொடியாகும். ஈரமான நிப் போட்ட கோடு காய அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். சைஸிங் செய்வது வேறு மாதிரியான மாற்றம். திரவமும் இழையும் சந்திக்கும் கோணத்தையே அது மாற்றிவிடுகிறது. அந்தக் கோணம் 90 பாகையைத் தாண்டினால் நுண்குழாய் திரவத்தை இழுப்பதே நின்றுபோகும். மெல்லிய தாள் ஒன்று நன்றாக எழுதுவதும், அட்டை மாதிரி தடித்த தாள் மையைக் குடிப்பதும் இதனால்தான். உண்மையான தாளில் துளைகள் ஒரே அளவில் இல்லை, இழைகள் ஈரத்தில் உப்பவும் செய்யும். அதனால் இந்தச் சமன்பாட்டை ஒரு திசைகாட்டியாக எடுத்துக்கொள்வதுதான் சரி, துல்லியமான விடையாக இல்லை.

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் இது தெரிந்தால் இன்றைய நோட்டுகள் ஏன் இப்படி என்பது புரியும். தாளுக்குப் பசையேற்றும் வேலை மிகப் பழையது. அரபு நாட்டுக் காகிதக்காரர்கள் ஸ்டார்ச் பசை பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். இத்தாலியின் ஃபாப்ரியானோவில் 13-ஆம் நூற்றாண்டில் விலங்குகளின் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினில் தாளை முக்கி எடுத்தார்கள். இறகுப் பேனாவின் கூரிய முனைக்கு அந்தக் கெட்டியான பரப்பு பொருந்திப் போனது. 1807-இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் இல்லிக், பைன் மரப் பிசினையும் ஆலம் எனப்படும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறையை வெளியிட்டார். வேலை எளிதானது, ஆனால் ஆலத்தால் தாளில் அமிலம் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் புத்தகங்கள் பழுப்பேறி நொறுங்குவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இவை எல்லாவற்றிலும் காகிதம் செய்தவர்கள் மனதில் இருந்தது தண்ணீர் மையால் எழுதும் கை. 1938-இல் லாஸ்லோ பிரோ தன் பால்பாயிண்ட் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில பத்தாண்டுகளில் உலகமே அந்தப் பக்கம் போய்விட்டது. பால்பாயிண்டின் மை எண்ணெய் கலந்த பசை. அது தாளுக்குள் இறங்காது, படராது. நோட்டு செய்கிறவருக்கு, தண்ணீர் மையைத் தாங்கும் தாள்தான் வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. பழைய நோட்டுகள் நன்றாக எழுதின என்று வயதானவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. எல்லாப் பழைய நோட்டும் அப்படி இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

சரி, சைஸிங் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆலையில் காப் என்றொரு சோதனை செய்வோம். 100 சதுர சென்டிமீட்டர் வளையத்தைத் தாளின் மேல் வைத்து இறுக்கி, தண்ணீர் ஊற்றி, 60 நொடிக் கணக்கில் வைத்துவிட்டு, ஒற்றி எடுத்து எடை பார்ப்போம். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் தண்ணீரைத் தாள் குடித்தது என்பதுதான் விடை. எழுதும் தாளுக்கு இருபதுகளில் வந்தால் நிம்மதி. நாற்பதைத் தாண்டினால் அதில் மைப்பேனாவைப் பிடிக்கவே எனக்கு மனம் வராது. ஆனால் எந்த நோட்டு அட்டையிலும் இந்த எண் இருக்காது. தவிர, காப் சோதனை தண்ணீரை வைத்துச் செய்வது. மையில் அதன் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருட்கள் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் முத்தாக நிற்கும் தாளில்கூட ஒரு சில மைகள் படர்வதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கும் சோதனையும் இப்படித்தான். சொட்டு உடனே உறிஞ்சப்பட்டால் தாள் நிச்சயம் உதவாது. உறிஞ்சப்படாமல் நின்றால் அது நல்ல தாளாக இருக்கலாம், அவ்வளவுதான்.

கையில் தொட்டும் கண்ணால் பார்த்தும் சொல்கிற அடையாளங்களில் எவை உதவும் என்று வரிசையாகப் பார்ப்போம். வழவழப்பு: பாதி உதவும். உருளைகளில் நன்றாக அழுத்தப்பட்ட தாளில் நிப் சுகமாக ஓடும், துளைகளும் இறுகியிருக்கும். ஆனால் சைஸிங் இல்லாத தாளையும் அழுத்தி வழவழப்பாக்க முடியும். ஈரம் பட்டதும் அதன் இழைகள் உப்பி எழுந்துவிடும். பளபளப்பு: இது தப்பான அடையாளம். பத்திரிகை அட்டை மாதிரி களிமண் பூச்சுப் போட்ட தாள் அச்சுக்கானது. அதில் நம் மை மேலே குட்டையாக நின்று, மணிக்கணக்காகக் காயாமல் கையில் ஒட்டும். சுண்டினால் வரும் சத்தம்: இதை நான் மதிக்கிறேன். நன்றாக அரைத்த கூழில் செய்து ஸ்டார்ச் ஏற்றிய தாளைக் காற்றில் ஆட்டினால் சலசலவென்று விரைப்பான சத்தம் வரும். பஞ்சுத் தாள் மந்தமாக மடங்கும். இது உத்தரவாதம் கிடையாது, ஆனால் பல முறை எனக்குச் சரியாகவே சொல்லியிருக்கிறது. நிறம்: வெள்ளையோ தந்த நிறமோ, ஊறுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தந்த நிறத் தாள் கண்ணுக்கு இதம், மையின் நிறத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக் காட்டும்.

எதில் செய்த தாள் என்பதையும் நிறையப் பேர் கேட்பார்கள். மறுசுழற்சித் தாளில் இழைகள் குட்டையாகியிருக்கும், ஒரு முறை காய்ந்து மீண்டும் நனைந்ததில் அவற்றின் வளையும் தன்மையும் குறைந்திருக்கும். அதனால் பொதுவாக மைப்பேனாவுக்கு அது சுமார்தான். ஆனால் அதையும் நன்றாகச் சைஸிங் செய்து நல்ல எழுதுதாளாக்க முடியும், அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். கரும்புச் சக்கைக் கூழில் செய்த தாளில் எனக்கு நல்ல அனுபவமே அதிகம். அதன் சின்ன இழைகள் இடைவெளியை நன்றாக அடைக்கின்றன, தாள் இறுக்கமாக அமைகிறது. இருந்தாலும் கரும்புத் தாள் என்று எழுதியிருந்தாலே போதும் என்று சொல்ல மாட்டேன். பருத்தித் தாள் என்றால் உயர்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆயுளுக்கும் உறுதிக்கும் அது உயர்ந்ததுதான். மைப்பேனாவுக்கு என்று பார்த்தால், மேற்பரப்பில் ஜெலட்டினோ ஸ்டார்ச்சோ ஏற்றாத பருத்தித் தாள் மையை நன்றாகக் குடிக்கும். கையால் செய்த அழகுத் தாள்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதே கதை.

ஒரே தாளிலேயே இடத்துக்கு இடம் வேறுபாடு வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய வகை இயந்திரத்தில் கூழின் தண்ணீர் கீழே இருக்கும் கம்பி வலை வழியாக மட்டும் வடியும். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து நுண்ணிய இழைத் துணுக்குகளும் சுண்ணாம்புத் தூளும் கழுவிக்கொண்டு போகும், அந்தப் பக்கம் சற்றுக் கரடாக நிற்கும். இரண்டு பக்கமும் வடியவிடும் இயந்திரங்களில் இந்த வேறுபாடு குறைவு. முன்பக்கம் அழகாக எழுதி, தாளைத் திருப்பினால் எழுத்து படர்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டு பக்கமும் எழுதுகிறவர் இரண்டையும் சோதிக்க வேண்டும். அப்புறம், அச்சிட்ட கோடுகள். கோடு எண்ணெய் மையில் தடிமனாக அச்சிடப்பட்டிருந்தால் அது நம் மையைத் தள்ளும், எழுத்து கோட்டைத் தாண்டும் இடத்தில் விட்டுப்போகும். கையின் எண்ணெய்ப் பிசுக்கும் அதேதான் செய்யும். பக்கத்தின் மேல்பாதியில் நன்றாக எழுதிய பேனா கீழ்ப்பாதிக்கு வந்ததும் விட்டுவிட்டு எழுதுகிறது என்றால் பேனாவைக் குறை சொல்லாதீர்கள். அதுவரை உங்கள் கை அங்கேதான் ஊன்றியிருந்தது. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்து எழுதினால் போதும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாட்களில் தாள் அந்த ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும், எல்லைக்கோட்டில் நிற்கும் தாள்கள் அப்போது தோற்றுவிடும். அதனால் புது நோட்டுகளைப் பிரிக்காமல் உறையிலேயே வைத்திருப்பது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் நம்புவது ஒரே ஒரு சோதனையை. அதை உங்கள் பேனாவில், உங்கள் மையில் செய்ய வேண்டும். தாளின் ஒரு மூலையில் நிப்பை வைத்து உடனே எடுங்கள், ஒரு புள்ளி. பக்கத்தில் வைத்து ஒரு நொடி நிறுத்துங்கள், அடுத்தது மூன்று நொடி. பிறகு வழக்கமான வேகத்தில் ஒரு வரி, நிதானமாக ஒரு வரி. 'ஞ', 'ணை', 'க்ஷ' போன்ற நெருக்கமான வளைவுகள் உள்ள எழுத்துகளை எழுதுங்கள். மை படர்ந்தால் அந்தச் சுழிகளின் உள்வெளி முதலில் அடைபடும். கடைசியாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டு ஒரு சின்னக் கட்டத்தை நிரப்புங்கள். ஐந்து நிமிடம் விட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஓரங்களைப் பாருங்கள், பிறகு திருப்பிப் பாருங்கள். ஒரு நொடிப் புள்ளி மறுபக்கம் வராமல், வரியின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தால் அந்தத் தாள் உங்களுக்குப் போதும். மூன்று நொடிப் புள்ளி லேசாக மறுபக்கம் வந்தால் கவலைப்பட வேண்டாம், அவ்வளவு நேரம் யாரும் நிப்பை ஊன்றி வைப்பதில்லை. இதையே பின்பக்கத்திலும், நோட்டின் கடைசித் தாள் ஒன்றிலும் செய்து பாருங்கள். ஒரே நோட்டுக்குள் இரண்டு ரகத் தாள் கட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்றையும் நீங்கள் சோதிக்க வேண்டும்: காயும் நேரம். ஒரு வரி எழுதி ஐந்தாவது நொடியில் விரலால் தேயுங்கள், அடுத்த வரியைப் பத்தாவது நொடியில், அதற்கடுத்ததை இருபதாவது நொடியில். மையை உள்ளே விடாத தாளில் மை காற்றில்தான் காய வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். மிக நல்ல தாள்களில் ஈரமான நிப்பால் எழுதினால் அரை நிமிடம் கடந்தும் மை ஒட்டும். நிறத்தின் ஏற்ற இறக்கமும், சில மைகளில் காய்ந்த பின் தெரியும் மினுக்கமும் வேண்டுமென்றால் அந்த மெதுவாகக் காயும் தாளில்தான் கிடைக்கும். வேகமாகக் குறிப்பெடுத்துப் பக்கத்தைத் திருப்புகிறவருக்கும் இடக்கையால் எழுதுகிறவருக்கும் அது சித்திரவதை. பக்கத்துக்குப் பக்கம் உடனே திருப்பி இரண்டு பக்கமும் நிரப்புவதுதான் உங்கள் வழக்கம் என்றால், உலகமே புகழும் தாளைவிட நடுத்தரமான தாள் ஒன்று உங்களுக்குப் பொருந்தலாம். இல்லையென்றால் மை ஒற்றும் தாள் ஒன்றைப் பக்கங்களுக்கு நடுவே வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பெயர் சொல்லுங்கள் என்றால், நான் எழுதிப் பார்த்து நம்பும் சிலவற்றைச் சொல்கிறேன். பிரான்சில் 1858-இல் தொடங்கிய கிளேர்ஃபோன்டேன் ஆலையின் 90 ஜிஎஸ்எம் தாள் வழவழப்பில் ஓர் அளவுகோல், காய மட்டும் நேரம் எடுக்கும். அதே குழுமத்தின் ரோடியா 80 ஜிஎஸ்எம் கிழிதாள் அட்டைகளும் நம்பத் தகுந்தவை. ஜப்பானின் மிடோரி எம்டி தாளில் நிப்புக்கு லேசான பிடிப்பு கிடைக்கும், எனக்கு அதுதான் பிடித்தது. தொமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாள் 52 ஜிஎஸ்எம்மில் வந்தது. ஏ4 அளவில் ஒரு தாள் மூன்றேகால் கிராம்தான். மறுபக்கம் நிழல் நன்றாகத் தெரியும், ஆனால் மை ஊறாது, ஓரம் படராது. ஜிஎஸ்எம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று ஒரே தாளில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதை முதலில் செய்த தொமோயேகாவா நிறுவனத்திடமிருந்து அந்தத் தாள் பிறகு சான்சென் நிறுவனத்துக்குப் போனது. பழையதும் புதியதும் ஒன்றா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். இவை கிடைக்காவிட்டால் குறை ஒன்றும் இல்லை. மேலே சொன்ன சோதனையில் தேறும் சாதாரண நோட்டுகளும் கட்டாயம் இருக்கின்றன, தேடினால் அகப்படும்.

தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள். நோட்டு விற்கும் நிறுவனங்களில் பல தாங்களே காகிதம் செய்வதில்லை, ஆலைகளிடமிருந்து வாங்கிக் கட்டுகின்றன. இந்த முறை ஓர் ஆலை, அடுத்த முறை இன்னோர் ஆலை என்று மாறும். அட்டையும் பெயரும் ஜிஎஸ்எம்மும் அப்படியே இருக்கும், உள்ளே தாள் வேறாகியிருக்கும். ஒருமுறை ஒரு நோட்டு மிகவும் பிடித்துப்போய், ஆறு மாதம் கழித்து அதே பெயரில் பத்து வாங்கினேன். பத்திலும் மை படர்ந்தது. அன்றிலிருந்து ஒன்று வாங்கிச் சோதித்து, பிடித்திருந்தால் அதே வாரம் போய் அதே கட்டிலிருந்து மற்றவற்றை வாங்குகிறேன். பிரிண்டர் தாளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. லேசர் பிரிண்டருக்கான தாளில் தூள் மை உருகி ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் தேவை. தண்ணீர் மையைத் தாங்கும்படி அதைச் செய்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சில நன்றாக எழுதும், சில உறிஞ்சும்.

நாட்குறிப்பு மாதிரி பல பத்தாண்டுகள் இருக்க வேண்டிய எழுத்து என்றால் ஐஎஸ்ஓ 9706 என்ற குறியீட்டைத் தேடுங்கள். அமிலம் இல்லாமல், குறைந்தது 2 சதவீதம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான காரச் சேமிப்புடன் செய்த நிலைத்த தாளுக்கான தரம் அது. தாளின் ஆயுளுக்கு மட்டுமே அது பொருந்தும், மை ஊறாது என்று அது எதுவும் சொல்வதில்லை.

கடைசியாக, ஏற்கெனவே வாங்கிவிட்ட அந்த ஐந்து நோட்டுகள். தூக்கிப் போட வேண்டாம். தாளை மாற்ற முடியாதபோது அதன் மேல் விழும் மையைக் குறைக்கலாம். மீடியத்துக்குப் பதிலாக ஃபைன் அல்லது எக்ஸ்ட்ரா ஃபைன் நிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஜப்பானிய நிப்கள் அதே பெயரில் ஐரோப்பிய நிப்களைவிடப் பொதுவாக மெல்லியவை. மையை மாற்றுவது இன்னும் சுலபம். நன்றாகப் பாயும் மைகள் இந்த மாதிரித் தாளில் படரும், பெலிக்கன் 4001 மாதிரி வறண்ட மைகள் அடக்கமாக இருக்கும். என் அனுபவத்தில் மோசமான தாளில் மிக நன்றாக நடந்துகொள்வது அயர்ன் கால் (iron gall) எனப்படும் இரும்பு கலந்த மை வகை. அதில் அமிலம் உண்டு, ஆகவே பேனாவுக்குள் மாதக்கணக்கில் காயவிடாமல் அவ்வப்போது தண்ணீரில் அலசிவிட வேண்டும், எஃகு நிப் என்றால் கட்டாயம். இதையெல்லாம் செய்தும் படர்ந்தால் அந்த நோட்டுகளைப் பென்சிலுக்கு ஒதுக்கிவிடுங்கள், பஞ்சுத் தாளில் பென்சில் அருமையாக எழுதும். அடுத்த நோட்டை மட்டும் ஒன்றே ஒன்றாக வாங்கி, மூலையில் மூன்று புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, மற்ற நான்கையும் வாங்குங்கள்.